எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கடல்

பிறந்த ஊரைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருப்பது மனித இயல்பு. அந்த எண்ணம் உடைந்துபோகும் நாள் ஒன்று எல்லோருக்கும் வரும். எனக்கு அது இரண்டாம் ஆண்டில், ஒரு ஜூலை மாதத்துப் பிற்பகலில், தாவரவியல் வகுப்பில் வந்தது.

நான் தொண்டியைச் சேர்ந்தவன். அப்பா வல்லத்தில் நண்டு வலைத் தொழில் செய்கிறார். நடை பழகியதே கடற்கரை மணலில்தான் என்று அப்பத்தா சொல்லுவார்கள். அன்று பூக்கும் தாவரங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் திடீரென்று நிறுத்தி, "கடலுக்குள்ளேயே பூத்து, காய்த்து, விதை விடும் செடி உண்டா? தொண்டிக்காரர் சொல்லட்டும்" என்று என்னைப் பார்த்தார். நான் சற்றும் தயங்காமல் எழுந்து, "இல்லை சார். கடலில் பாசி மட்டும்தான் உண்டு. பாசி பூக்காது" என்றேன். விடை சரியென்ற நம்பிக்கையில் உட்காரவும் போய்விட்டேன்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "உங்கள் வீட்டில் வலை உதறும் இடத்தில் ஒரு நாள் குனிந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்று மாலை குனிந்து பார்த்தேன். அப்பாவும் சித்தப்பாவும் வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றிவிட்டு ஒதுக்கிய குப்பையில், பச்சை நாடா போன்ற இலைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசினேன். அடியில் கணுக்கணுவாகப் படுத்தோடும் தண்டு, கணுதோறும் வேர், கணுவிலிருந்து நிமிர்ந்த தளிர். புத்தகத்தில் அறுகம்புல்லின் படத்தைப் பார்த்தவர் எவரும் இதைப் பாசி என்று சொல்லமாட்டார்கள். எங்கள் ஆட்கள் இதனைத் தாழை என்பார்கள். இருபது ஆண்டுகளாக அதன்மேல் நடந்திருக்கிறேன். ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

கடற்புல் வேறு, கடற்பாசி வேறு என்பதை இவ்விடத்தில் நண்பர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. பாசிக்கு உண்மையான வேரோ, தண்டோ, இலையோ கிடையாது. கல்லையோ சங்கையோ பற்றிக்கொண்டு, உடம்பு முழுவதாலும் தண்ணீரிலிருந்தே உணவை உறிஞ்சிக்கொள்ளும். நம் கரையில் கஞ்சிப்பாசி என்று பெண்கள் சேகரிக்கும் கிராசிலேரியாவும், கட்டக்கோரை எனப்படும் சர்காசமும் இந்த இனம். கடற்புல்லோ நிலத்துச் செடிகளின் உறவு. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன பூக்கும் தாவரம். தண்ணீருக்குள்ளேயே பூக்கிறது. அதன் மகரந்தம் நூல் போல நீண்டு நீரோட்டத்திலேயே மிதந்து சேருகிறது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 70 வகைகளே உள்ளன. அவற்றுள் ஒரு டசனுக்கும் மேற்பட்டவை நம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வளர்கின்றன. இராமேசுவரத்துக்காரர்கள் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும், நம் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றும் அழைப்பார்கள். ஆழம் குறைந்து, அலை அடங்கிக் குளம்போல் கிடக்கும் இந்தப் பெண்கடலின் அடிநிலம் புல்லுக்கு ஏற்ற வயல்.

வருகிற பிப்ரவரியில் தாவரவியல் மன்றத்தின் கண்காட்சி இருந்தது. வகுப்பில் சொன்ன தவறான விடைக்கு அங்கே ஈடு செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். ஒரு கண்ணாடித் தொட்டியில் உப்பு நீரை நிரப்பி, கடற்புல்லையும் பாசியையும் உயிரோடு வளர்த்துக் காட்டுவது என் திட்டம். "முடியுமானால் செய்யுங்கள். ஆனால் மீனை வளர்ப்பதுபோல் எண்ணிவிடாதீர்கள்" என்றார் பேராசிரியர். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

விடுமுறையில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் தொட்டி வாங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மணல் போக ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கிழக்கு பார்த்த திண்ணையில் பலகை போட்டு வைத்தேன். மேலே இரண்டு எல்.இ.டி. விளக்குகள், ஒரு சிறிய காற்றுப் பம்பு. கடல் தண்ணீரைக் கேன்களில் கொண்டுவந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஓர் இரவு தெளியவைத்து ஊற்றினேன். கடையில் வாங்கிய ஆற்று மணலை ஏழு தண்ணீர் விட்டு வெள்ளையாகக் கழுவிப் பரப்பினேன். பிறகு முழங்கால் ஆழத்தில் இறங்கி, கை நிறையப் புல்லைப் பறித்துவந்து நட்டேன். அன்று இரவு விளக்கைப் போட்டபோது தெருவே வந்து பார்த்தது. அம்மா, "கடலை வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியேடா" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் திண்ணையில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. இலைகள் பழுப்பேறித் துவண்டு கிடந்தன. வெள்ளை மணலின் அடிப்பாகம் கரியாகக் கறுத்திருந்தது. விட்டிருந்த நான்கு இறால் குஞ்சுகளும் செத்து மிதந்தன. அம்மா சாம்பிராணி போட்டார்கள். தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நடந்தது என்ன என்று பேராசிரியர் விளக்கினார். இந்தப் புல் இலையில் உண்டாக்கும் பிராணவாயுவைத் தன் உடம்பிலுள்ள காற்றறைகள் வழியே வேர்வரை அனுப்புகிறது. கடலடி மண்ணில் பிராணவாயு இல்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் கடல் நீரின் சல்பேட்டை நச்சு வாயுவாகிய ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. வேரைச் சுற்றிக் கசியும் பிராணவாயுதான் அந்த நஞ்சை நெருங்கவிடாமல் காக்கிறது. நானோ தண்டைக் கணுவோடு பிய்த்து, வேரை அறுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அறுந்த தண்டு அழுகியது, அழுகல் நஞ்சாயிற்று, நஞ்சை எதிர்க்க வேர் இல்லை. "அது மட்டுமில்லை. புல்வெளி மண்ணில் நகம் அளவுச் சிப்பிகள் சில உண்டு. அவற்றின் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பைடையே உணவாக்கிக்கொள்ளும். நீங்கள் ஆற்று மணலை ஏழு தண்ணீரில் கழுவி, கூட்டாளி ஒருவரும் இல்லாத இடத்தில் புல்லைத் தனியாக நிறுத்திவிட்டீர்கள்" என்றார்.

எனக்கு ஆறுதலாக அவர் ஒரு பழைய கதையும் சொன்னார். 1846-ஆம் ஆண்டில் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுபோனாராம். அங்கே கடல் நீர் ஏது? இருந்த நீரையே திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றும்படி வேலைக்காரப் பெண்ணை ஏவி, நாள்தோறும் காற்றூட்டினார். அடுத்த ஆண்டு கடற்பாசிகளை உள்ளே சேர்த்தார். பாசி விட்ட பிராணவாயுவில் உயிர்கள் பிழைத்தன. பின்னர் 1850-களில் பிலிப் ஹென்றி காஸ் போன்றோர் இதே முறையை நூல்களில் எழுதி, இங்கிலாந்து முழுவதும் மீன்தொட்டி மோகத்தைக் கிளப்பினார்கள். நம் சென்னை மெரினாவில் 1909-இல் கடல் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டதும் அந்த மரபின் தொடர்ச்சியே. ஆக, மின்சாரப் பம்பு தோன்றுவதற்கு முன்னால் உப்பு நீர்த் தொட்டியைக் காத்தது செடிதான். இதைக் கேட்டதும் எனக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது. புல் வேண்டாம், வேரில்லாத பாசியையே வளர்ப்போம் என்று இறங்கினேன்.

நம் நாட்டில் பாசி ஆராய்ச்சி தழைத்ததற்கும் இந்தக் கரைக்கும் தொடர்பு உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார், பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927-இலேயே எழுதியிருக்கிறார். 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. இவ்வளவு பெரியவர்கள் குனிந்து பார்த்த கரையில் நானும் குனிந்தேன். கற்களில் திராட்சைக் கொத்துப்போல் பச்சை மணிகளாகக் காய்த்திருந்த காலெர்பா என்னும் பாசி என் கண்ணைப் பறித்தது. ஒரு கல்லோடு எடுத்துவந்து, புதிய தண்ணீரில் வைத்தேன்.

அது வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு மாதத்தில் தொட்டியின் பாதியை அடைத்துவிட்டது. காலையில் வெயில் பட்டதும் பாசியிலிருந்து முத்துமுத்தாகக் குமிழிகள் கிளம்பும். நடு வீட்டில் பிராணவாயு ஆலை வைத்தவனைப்போல் பெருமையோடு திரிந்தேன். இரண்டு சிறு மீன்களையும் விட்டேன். இந்த நாட்களில்தான் உப்பின் கணக்கையும் கற்றேன். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. 60 லிட்டரில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பத்து லிட்டர் குறையவிட்டால் மீதியில் உப்பு லிட்டருக்கு 42 கிராமாக ஏறிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு ஊற்ற வேண்டியது கடல் நீர் அல்ல, நல்ல தண்ணீர். கண்ணாடியில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு, சேர்த்து வைத்த மழைத் தண்ணீரை நாள்தோறும் அந்தக் கோடு வரை ஊற்றினேன்.

நவம்பர் மாதம், வாடைக் காற்று வீசத் தொடங்கிய ஒரு காலையில் எழுந்து பார்த்தால், தொட்டித் தண்ணீர் பச்சைப் பால்போல் கலங்கியிருந்தது. கையை விட்டுப் பாசியைத் தொட்டேன். உள்ளீடற்ற வெள்ளைத் தோலாகக் கரைந்து வந்தது. மீன்கள் இரண்டும் இறந்து கிடந்தன. யாரோ எதையோ ஊற்றிவிட்டார்கள் என்று தம்பியோடு சண்டை போட்டேன். அவன் அழுதுவிட்டான்.

குற்றம் தம்பியுடையது அல்ல. காலெர்பா ஒரு விந்தையான உயிர். எவ்வளவு நீளம் படர்ந்தாலும் முழுதும் ஒரே உயிரணு. நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. இனம் பெருக்கும் நேரம் வந்தால் உடம்பிலுள்ள அத்தனை உயிர்ச்சாற்றையும் இனச்செல்களாக்கித் தண்ணீரில் விட்டுவிட்டு, தான் வெறும் கூடாகிவிடும். கடலில் அது அலையோடு போய்விடும். 60 லிட்டரில் எங்கே போகும்? அழுகும், பிராணவாயு தீரும். இதை அறிந்தவர்கள் அடிக்கடி கத்தரித்து அதனைக் கட்டுக்குள் வைப்பார்கள். நான் அறியவில்லை. தம்பிக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். ஆனால் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கண்காட்சிக்கு ஓர் உலர்ந்த செடியை அட்டையில் ஒட்டிக் கொண்டுபோனால் போதும் என்று மனம் சலித்துவிட்டது.

தை பிறந்து கடல் தெளிந்தது. ஒரு நாள் காலை அப்பா தொழிலிலிருந்து வந்தார். கையில் ஈரச் சாக்கு மூடிய அலுமினியச் சட்டி. திறந்தால், ஒரு சாண் அகலத்துக்குக் கடலடி மண் பாளமாக இருக்கிறது. அதன்மேல் வரிவரியான நாடாப் புல்லும், ஊசி போன்ற இன்னொரு புல்லும் தலை கலையாமல் நிற்கின்றன.

"நங்கூரத்தைத் தூக்கினேன். அதுவே பேத்துக்கிட்டு வந்திருச்சு. மறுபடி போட்டா எங்கிட்டுப் போயி விழுகுமோன்னு எடுத்தாந்தேன். நீ அன்னைக்குப் பிச்சுப் பிச்சு எடுத்தே. புல்லைத் தூக்கக் கூடாதுடா, மண்ணைத் தூக்கணும்" என்றார் அப்பா.

நான்கு மாதங்களாக அவர் என் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். அத்தனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தொட்டியை நிமிர்த்தினேன். இந்த முறை மணலைக் கழுவவில்லை. அப்பா சொன்ன இடத்திலிருந்து சேறு கலந்த கடல் மணலை எடுத்துவந்து நான்கு விரற்கிடை பரப்பி, நடுவே பாளத்தை அப்படியே இறக்கினேன். தண்ணீரை ஒரு தட்டின்மேல் விழச் செய்து, கலங்காமல் நிரப்பினேன். காற்றுப் பம்பை இரவில் தவறாமல் ஓடவிட்டேன். பகலில் பிராணவாயுவைத் தரும் செடி, இரவில் நம்மைப்போல் அதைச் செலவழிக்கவும் செய்யும் என்பது இரண்டு தோல்விகளில் தெரிந்திருந்தது. பாசியில் ஒரு சிறு கொத்துக் கஞ்சிப்பாசியை மட்டும் ஒரு கல்லில் நூலால் கட்டி மூலையில் வைத்தேன்.

முதல் வாரம் இலைகளின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் படர்ந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து மிளகளவு நத்தைகள் பத்துப் பன்னிரண்டு கிளம்பி வந்து, இலை இலையாக ஏறிப் படலத்தை மேய்ந்துவிட்டன. நான் வாங்கிவைத்தவை அல்ல. மண்ணோடு வந்த கூட்டாளிகள். பேராசிரியர் சொன்னது அப்போதுதான் முழுதும் விளங்கியது.

புல் பிழைத்ததா என்று அறிய ஒரு வழியை அவர் சொல்லித்தந்தார். தளிரின் அடியில், இலைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் இடத்தில், மெல்லிய ஊசியால் ஒரு துளையிட வேண்டும். வளர்கின்ற இளம் இலையின் துளை மேலே ஏறிப்போகும். வளர்ச்சி நின்ற முதிய இலையின் துளை இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே வளர்ச்சி. பத்தாம் நாள் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 4 சென்டிமீட்டர். தேர்வில் முதல் வகுப்பு வாங்கியபோதுகூட நான் அப்படிக் கூவியதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள்.

இதற்கிடையே ஒரு சோதனை வந்தது. நண்பன் ஒருவன் வாளியில் கடல் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தான். அவர்கள் வலையில் சிக்கியதாம். புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு அது நிற்பதைக் கண்காட்சியில் வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான் என்றான். உண்மை. என் கண்ணும் அதைவிட்டு அகலவில்லை. ஆனால் 2001 முதல் கடல் குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிர். பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. சட்டத்தை நினைத்து ஒரு பக்கம் தயக்கம், பரிசை நினைத்து ஒரு பக்கம் ஆசை. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்த அப்பா, "உசுரோட இருக்கையிலேயே விட்டுட்டு வா. உன் தொட்டியில அதுக்குத் திங்க என்னடா வச்சிருக்க?" என்றார். சட்டம் சொன்னதைவிட அந்தக் கேள்வி எளிதாக இருந்தது. இருவருமாகப் போய்ப் புல்வெளியில் விட்டுவந்தோம்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருந்தபோது பெரிய கேள்வி எழுந்தது. தொட்டியை எப்படிக் கல்லூரிக்குக் கொண்டுபோவது? தண்ணீரும் மணலும் கண்ணாடியுமாக 80 கிலோவுக்கு மேல். தண்ணீரை வடித்து, புல்லைப் பெயர்த்து, அங்கே போய் மறுபடி நட வேண்டும். இரண்டு நாள் பச்சையாகத்தான் இருக்கும். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. அதன்பின் செத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வேர் பிடித்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் பேராசிரியரிடம் போய், "சார், தொட்டி வராது" என்றேன். காரணத்தைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பாடம் முடிந்தது" என்றார்.

கண்காட்சியில் ஓர் அட்டைப் படமும், வளர்ச்சிக் கணக்கும், ஒரு புட்டியில் இரண்டு இலையும் மட்டுமே வைத்தேன். பரிசு வேறொரு நண்பருக்குக் கிடைத்தது. அவருக்கு என் வாழ்த்துகள். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பேராசிரியரே பேருந்தேறித் தொண்டிக்கு வந்தார். அப்பா பாய் விரித்தார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது புல்லின் அடியிலிருந்து பட்டாணி அளவில் ஒரு நண்டு வெளியே வந்தது. அது உள்ளே இருந்ததே எனக்குத் தெரியாது. அப்பா முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தார். "சார், இது நம்ம வலை நண்டோட குஞ்சு சார். பின்னங்காலு துடுப்பு மாதிரி இருக்கு பாருங்க" என்றார். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இம்புட்டு நாளா குப்பைன்னு கரையில கொட்டுனது இதோட வீட்டைத்தான் போல" என்றார். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதை அப்பாவே சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் நண்டும் இறாலும் மட்டும் வாழவில்லை. கடற்பசு நாள் ஒன்றுக்கு 40 கிலோ வரை இந்தப் புல்லை மேயக்கூடியது. அப்பத்தா அதை ஆவுளியா என்பார்கள். தம் சிறு வயதில் கரையில் அறுத்துப் பங்கு போட்டதைப் பார்த்திருப்பதாகவும், அது தாய் பிள்ளையை அணைப்பதுபோல் குட்டியை அணைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டதாகவும் சொல்லுவார்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காக்கிறது. நமக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவில் அத்தகையதில் அதுவே முதலாவது. அந்தக் கரையில், மூங்கில் சட்டத்தில் தென்னைநார்க் கயிறு கட்டி, கயிற்றில் புல் நாற்றுகளைக் கோத்துக் கடலடியில் வைத்துப் புல்வெளியை மீட்கும் பணியும் நடந்திருக்கிறது. அழிப்பது எளிது, அடிமண்ணைத் துழாவும் இழுவை மடி ஒரு முறை போனால் போதும். மீட்பதுதான் பாடு.

எவ்வளவு பாடு என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரையைச் சொல்லலாம். 1930-களில் ஒரு நோயும் புயலும் சேர்ந்து அங்குள்ள கடற்புல்லை அடியோடு அழித்தன. அதை நம்பியிருந்த ஒரு வகைச் சிப்பித் தொழிலும் அத்தோடு மறைந்தது. ஏறத்தாழ 70 ஆண்டுகள் அந்தக் காயல்கள் வெறும் சேறாகவே கிடந்தன. பிறகு விஞ்ஞானிகளும் தொண்டர்களும் இருபது ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவினார்கள். இன்று அங்கே 3,500 ஹெக்டேருக்கு மேல் புல் நிற்கிறது. ஒரு சட்டி மண்ணைப் பிழைக்கவைக்க மூன்று முறை முயன்றவன் என்ற முறையில், அந்த 7 கோடியின் பொருள் எனக்குச் சற்றே புரிகிறது.

இதைப் படித்துவிட்டுத் தொட்டி வைக்க ஆசைப்படும் நண்பர்களுக்கு நான் பட்டுணர்ந்தவற்றைச் சொல்கிறேன். நிற்கிற புல்லைப் பிடுங்காதீர்கள். பெயர்ந்து வந்ததை மண்ணோடு எடுங்கள். மண்ணைக் கழுவாதீர்கள். குறையும் நீருக்கு நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். வேகமாக வளரும் பாசியைக் கண்டு மயங்காதீர்கள். கத்தரிக்கோலைக் கையில் வைத்திருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே எதையும் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படாதீர்கள். பார்ப்பவர் கைதட்டுவதற்காகச் செடி வளராது.

அந்த நண்டுக் குஞ்சு வளர்ந்து நத்தைகளைத் தின்னத் தொடங்கியதும் அதைக் கடலில் விட்டுவிட்டோம். தொட்டி இன்னும் திண்ணையில் இருக்கிறது. மண்ணுக்குள் படர்ந்த தண்டு கண்ணாடி ஓரம் வரை வந்து திரும்பிவிட்டது. ஊசிப்புல் அவ்வளவு தழைக்கவில்லை. நாடாப் புல் நன்றாக இருக்கிறது. அப்பா இப்போது வலையைக் கரைக்குக் கொண்டுவருவதற்கு முன், வல்லத்திலேயே உதறி, வேரோடு வந்த புல்லைப் பச்சையாகவே தண்ணீரில் விட்டுவிடுகிறார். விட்டதெல்லாம் வேர் பிடிக்காது என்று சொன்னேன். "பிடிக்கிறது பிடிக்கட்டும்" என்றார்.

இந்த ஆண்டோடு என் படிப்பு முடிகிறது. மேற்படிப்புக்கு வெளியூர் போக நேர்ந்தால் தொட்டியை யார் பார்ப்பார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் திண்ணையைக் காட்டினார்கள். தொழிலுக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா, சொம்பில் மழைத் தண்ணீரை எடுத்து, சிவப்புக் கோடு வரை ஊற்றிக்கொண்டிருந்தார்.